ஏடும் ஏரும்

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ எனும் பழமொழியையே கரும்பலகையில் எழுதி, அதன் பொருளை மாணவரை மனனஞ் செய்யவைத்துப் புள்ளி வழங்குபவர்கள் நாம். இதனினும் பெரிய முரண்பாடு வேறு வேண்டுமோ?

மருதத்திணையின் முதல், கரு, உரிப்பொருள்களைப் பல்கலைக்கழகத்திற் கற்றுவந்தோம். ஆனால், விதைப்புக்கு மண் எந்தப் பதத்தில் இருத்தல் வேண்டும் என்று வினவினால், கடைசி வாங்கில் இருக்கும் கமக்காரன் மகனையே நாடுதல் வேண்டும். அவனையோ ‘மந்தன்’ எனப் பெயரிட்டுப் பின்னே தள்ளியிருக்கிறோம்!

இஃது உபாத்தியாயரின் குறை மட்டுமன்று. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி சடுதியாகத் தடைசெய்யப்பட்டது. மண்ணைக் காத்தல் நல்ல கொள்கையே. ஆயின், ‘வேண்டிய அளவு சேதனப் பசளைக்கு எங்கே போவது?’ என்று வரம்பில் நின்று கேட்டவரின் குரல் அலுவலக மேசைகளை எட்டவில்லை. நவம்பரில் தடை தளர்ந்தது. அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. நட்டத்தைச் சுமந்தவர் உழவரும் ஏழையருமே. திட்டந் தீட்டியோர் அல்லர்.

அநுபவமே போதும் என்பாரோடும் நமக்கு உடன்பாடில்லை. இலை மஞ்சளிப்பதைக் கமக்காரனின் கண் காணும். அது நைதரசன் குறைவாலா, தேங்கிய நீராலா என்பதைப் பகுத்துக் காட்ட விஞ்ஞானம் வேண்டும். காரணம் அறியாத கையும், கருமம் அறியாத மூளையும் ஒருங்கே முடம்பட்டவை.

1972இன் கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைப் பாடசாலைக்குக் கொணர்ந்தது. 1977இல் ஆட்சி மாறியதன் பின் அவை கைவிடப்பட்டன. ‘எம் பிள்ளைகளை மீண்டும் வயலுக்கே அனுப்பவா இக்கல்வி?’ எனப் பெற்றோர் ஐயுறின், அவ்வையத்தில் நியாயமுண்டு. செல்வன் மகனுக்கு ஏடு, ஏழை மகனுக்கு ஏர் எனப் பிரிக்கும் கல்வியை நாமும் ஏற்கோம். நாம் கேட்பது வேறு: வைத்தியராகப் போகும் பிள்ளையின் கையிலும் சேறு படிய வேண்டும், உழவனாகும் பிள்ளையின் அறிவிலும் இரசாயனம் துலங்க வேண்டும். உழைப்பை இழிவென எண்ணும் மனப்பான்மை உள்ளவரை இவ்விரண்டும் இணையா.

பாடத்திட்டம் மாறும்வரை காத்திருப்பது சோம்பலுக்கு நாம் சூட்டும் நற்பெயர். அடுத்த விதைப்பின்போது வகுப்பை வரம்புக்கு அழைத்துச் செல்வோம். அந்தக் கமக்காரனை ஒருநாள் நம் வகுப்பறைக்கு அழைத்துக் கற்பிக்கச் சொல்வோம். அன்று முன்வாங்கில் மாணாக்கராய் அமர வேண்டியவர் நாமே.