கொல்ஃப் செயலியைத் தெரிவு செய்வோர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி

கையடக்கத் தொலைபேசிகளுக்கான கொல்ஃப் செயலிகள் மூன்று பணிகளைச் செய்வதாகக் கூறிக்கொள்கின்றன. பந்து கிடக்கும் இடத்திலிருந்து குழி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை ஜிபிஎஸ் மூலம் காட்டுவது முதலாவது. ஒவ்வொரு குழிக்கும் எத்தனை அடிகள் சென்றன என்பதைப் பதிவது இரண்டாவது. ஆட்டக்காரரின் ஹண்டிகப் எண்ணைக் கணித்துத் தருவது மூன்றாவது. விளம்பரங்கள் முதலாவதைப் பற்றியே உரத்துப் பேசுகின்றன. பணம் செலுத்துவோரும் திரையில் தெரியும் மைதானப் படங்களின் அழகில் மயங்கியே தீர்மானிக்கிறார்கள். செயலியைத் தெரிவு செய்யும்போது மூன்றாவது பணியிலிருந்தே தொடங்கவேண்டும் என்பது எனது அபிப்பிராயம்.

கொழும்பு றோயல் கொல்ஃப் கழகம் 1879 இல் தொடங்கப்பட்ட காலந்தொட்டு எமது நாட்டில் இந்த விளையாட்டு துரைமாருக்கும் கனவான்களுக்கும் உரியதாகவே நோக்கப்பட்டு வந்திருக்கிறது. ஆனால், ரொறன்ரோவிலோ லண்டனிலோ மெல்பேர்ணிலோ வாழ்பவர் எந்தக் கழகத்திலும் சேராமல், பொது மைதானம் ஒன்றில் அன்றைய கட்டணத்தைச் செலுத்திவிட்டு ஆடமுடியும். இவ்வாறு ஆடுபவர்களே செயலிகளைப் பெரிதும் நம்பியிருக்கிறார்கள் என்பதால் அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஹண்டிகப் என்பது திறமையில் ஏற்றத்தாழ்வு உள்ள இருவரைச் சமமாக மோதவைக்கும் ஏற்பாடாகும். பலவீனமான ஆட்டக்காரருக்கு எத்தனை அடிகளைச் சலுகையாக வழங்கலாம் என்பதை அது தீர்மானிக்கிறது. உலகின் பல பாகங்களிலும் நடைமுறையில் இருந்த ஆறு வெவ்வேறு முறைகளை ஒன்றிணைத்து, 2020 ஜனவரியில் உலக ஹண்டிகப் முறை கொண்டுவரப்பட்டது. இறுதியாக ஆடிய 20 ஆட்டங்களில் மிகச்சிறந்த 8 இன் சராசரியே ஒருவரின் எண்ணாகக் கொள்ளப்படுகிறது. ஆகக்கூடிய எல்லை 54.0 ஆகும்.

இந்தக் கணிப்பில் எடுத்த அடிகளின் எண்ணிக்கை மாத்திரம் போதாது. மைதானத்தின் மதிப்பீடும் அதன் கடினத்தைக் குறிக்கும் 'ஸ்லோப்' எண்ணும் அவசியம். உதாரணமாக, மதிப்பீடு 71.2, ஸ்லோப் 125 என்று அமைந்த மைதானத்தில் ஒருவர் 90 அடிகளில் ஆட்டத்தை முடித்தால் அவரது பெறுபேறு 17.0 ஆகும். அதே 90 அடிகளை மதிப்பீடு 69.0, ஸ்லோப் 105 உடைய மைதானத்தில் எடுத்திருந்தால் அது 22.6 ஆகிவிடுகிறது. எந்த மைதானம், எந்தத் தொடக்கமேடை என்பதைச் செயலி தவறாகப் பதிந்துகொண்டால், ஐந்து அடிகளுக்கு மேல் பிழை நேரலாம் என்பது இதிலிருந்து தெளிவாகும்.

மைதான விபரங்களெல்லாம் சரியாக இருந்தாலும்கூட, செயலி காட்டும் எண் உத்தியோகபூர்வமானது என்று ஆகிவிடாது. அந்த அதிகாரம் ஒவ்வொரு நாட்டிலும் அங்கீகாரம் பெற்ற கொல்ஃப் சங்கத்திடமே இருக்கிறது. அமெரிக்க கொல்ஃப் சங்கத்தின் 'ஜின்' செயலியும் இங்கிலாந்தில் 'மை இங்கிலண்ட் கொல்ஃப்' செயலியும் அத்தகைய சங்கங்களினுடையவை. கழகத்தில் சேராதவர்களுக்காக இங்கிலாந்துச் சங்கம் 2021 இல் 'ஐகொல்ஃப்' என்ற சந்தா ஏற்பாட்டையும் அறிமுகப்படுத்தியது. தனியார் செயலி தானாகவே கணித்துத் தரும் எண்ணுடன் போட்டியொன்றுக்குச் சென்றால் ஏற்பாட்டாளர்கள் அதை ஏற்றுக்கொள்ளவேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. எனவே, "இந்த எண்ணை எனக்கு வழங்குவது யார்?" என்பதே முதற்கேள்வியாக இருக்கவேண்டும்.

தூரத்தைக் காட்டும் விடயத்துக்கு வருவோம். செய்மதிச் சமிக்ஞைகளில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதத்தில் நீக்கியதை அடுத்தே சாதாரண மக்களின் கருவிகள் நம்பத்தகுந்த துல்லியத்தைப் பெற்றன. திறந்த வானத்தின் கீழ் இன்றைய தொலைபேசிகள் ஏறத்தாழ 5 மீற்றர் வித்தியாசத்துக்குள் இடத்தைக் காட்டுகின்றன. வார இறுதியில் ஆடுபவருக்கு இது தாராளமாகப் போதும். குழியைச் சுற்றியுள்ள புற்றரையின் முன்விளிம்பு, நடு, பின்விளிம்பு ஆகியவற்றுக்கான தூரத்தை இலவசச் செயலிகள் பலவும் காட்டுகின்றன. ஆகவே, இதற்காகப் பெருந்தொகை செலவிடுவதற்கு முன்னர் இருதடவை யோசிப்பது நல்லது.

கட்டணப் பிரிவில் கிடைக்கும் சில வசதிகள் ஆபத்தானவையாகவும் அமையலாம். 2019 இல் நடைமுறைக்கு வந்த விதிகள் தூரத்தை அளக்க அனுமதிக்கின்றன. ஆனால், மேடுபள்ளத்தை அளப்பதையும், பந்து கிடக்கும் இடத்தை வைத்து எந்தத் தடியால் அடிக்கலாம் என்று கருவி பரிந்துரைப்பதையும் 4.3 ஆம் விதி தடைசெய்கிறது. அடிகளை எண்ணி ஆடும் போட்டியில் முதல் மீறலுக்கு இரண்டு அடிகள் தண்டனை, இரண்டாவது மீறலுக்குத் தகுதியிழப்பு. அத்தகைய வசதிகளைப் போட்டிநாளில் முற்றாக நிறுத்திவைக்க முடியாத செயலியை, போட்டிகளில் கலந்துகொள்பவர் தவிர்ப்பதே விவேகம்.

அடிகளைப் பதிவதில் மேலும் இரு விடயங்களைக் கவனிக்கவேண்டும். நான்கு மணித்தியாலங்களுக்கு மேல் நீடிக்கக்கூடிய ஆட்டம் முடியும்வரை தொலைபேசியின் மின்கலம் தாக்குப்பிடிக்குமா என்பது ஒன்று. சந்தாவை நிறுத்தினால் பல வருடப் பதிவுகளைத் தம்முடன் எடுத்துச்செல்ல முடியுமா என்பது மற்றையது. சேர்வதற்கு முன்னர் இதைக் கேட்டறிந்துகொள்வது இலகு. விலகும்போது அறியவருவது கசப்பாகவே இருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் அப்பால், எந்தப் பொறியியலாளரும் செயலிக்குள் வைத்துத்தர முடியாத ஒன்று இருக்கிறது. நல்ல ஆட்டங்களை மறைத்துத் தமது எண்ணை உயர்த்திவைத்து, போட்டிகளில் சலுகை அடிகளைச் சேர்த்துக்கொண்டு பரிசுகளைத் தட்டிச்செல்பவர்கள் இருக்கிறார்கள். மோசமான ஆட்டங்களை மறைத்துப் பெருமைக்காக எண்ணைத் தாழ்த்துபவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலான ஆட்டங்களில் நடுவர் கூடவே நடந்துவருவதில்லை. ஒருவரின் எண்ணை அவருடன் ஆடுபவர்கள் நம்பியே ஆகவேண்டும். தேசியச் சங்கத்தின் பதிவேட்டில் சேரும் எண் கழகத்தினதும் சக ஆட்டக்காரர்களினதும் பார்வைக்கு உட்பட்டது. தொலைபேசிக்குள் மாத்திரம் இருக்கும் எண்ணுக்கு அத்தகைய சாட்சி இல்லை.

ஆகவே, தாம் வாழும் நாட்டின் சங்கத்தினூடாக எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். தூரத்துக்கு உங்களுக்குப் பிடித்த இலவசச் செயலி எதையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆடிய ஒவ்வொரு ஆட்டத்தையும், குறிப்பாக மறந்துவிட விரும்பும் ஆட்டத்தை, அன்றைய தினமே பதிந்துவிடுங்கள்.