கடைக்கு மட்டுமா மானியம்?

கனடாவின் நூனவுட் பகுதியில் 25 ஊர்கள். ஓர் ஊரை இன்னோர் ஊரோடு இணைக்கும் சாலை கிடையாது. காயும் பாலும் விமானத்தில்தான் வந்திறங்க வேண்டும். 2011-இல் தொடங்கிய 'நியூட்ரிஷன் நார்த்' திட்டம் இதற்காகக் கடைகளுக்கு மானியம் தருகிறது. விலை குறைந்தால் எல்லோருக்கும் நல்லதுதானே என்பார்கள். உண்மைதான், ஆனால் வருமானமே இல்லாத வீட்டுக்கு மலிந்த ஆப்பிளும் எட்டாக்கனி. ஆனால் வேட்டையில் கிடைக்கும் சீல் (கடல்நாய்) இறைச்சியில் புரதமும் இரும்புச்சத்தும் நிறைந்திருக்கின்றன. அதைக் கொண்டுவர, அங்குள்ள பழங்குடியினரான இன்யூட் இளையோருக்குத் தேவை ஸ்னோமொபைல், பெட்ரோல், தோட்டா. 2020-இல் வந்த வேட்டையாடுவோர் உதவி நிதி இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது.

வேட்டைக்குக் கொடுத்த பணத்துக்குக் கணக்கு ஏது என்ற கேள்வி எழும். எத்தனை வீடுகளுக்கு இறைச்சி பங்கிடப்பட்டது என்பதை ஊரே சொல்லிவிடும். கடைக்குத் தந்த மானியம் முழுவதும் விலைக் குறைப்பாக மாறியதா என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். அடுத்த ஒதுக்கீட்டில் பெரும்பங்கு, இளையோருக்கு வேட்டை கற்றுத்தரப் போகட்டும்.