மார்கழி விடுமுறையும் தனித்திருக்கும் முதியோரும்

பாடசாலை விடுமுறை, நத்தார், புத்தாண்டு, அதனையடுத்துத் தைப்பொங்கல் என வரிசையாக வரும் டிசம்பர், ஜனவரி மாதங்கள் எமது மக்களுக்கு உறவுகள் ஒன்றுகூடும் காலமாகும். ஐரோப்பாவிலும் கனடாவிலும் உறைபனி கொட்டும் இந்நாட்களிலேயே புலம்பெயர்ந்த எம்மவர்கள் பலர் தாயகம் வந்து பெற்றோரைப் பார்த்துச் செல்கின்றனர். கொழும்பில் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் பணிபுரியும் மலையக இளைஞர், யுவதிகளும் விடுமுறை பெற்று லயன் வீடுகளுக்குத் திரும்புகின்றனர். ஆனால், இதே காலம்தான் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழையும் குளிரும் உச்சம் பெறும் காலம் என்பதும், வீட்டில் தனித்திருக்கும் முதியோர் அதிக ஆபத்தை எதிர்நோக்கும் காலம் என்பதும் போதியளவு உணரப்பட்டதாகத் தெரியவில்லை.

தென்னாசியாவில் மிக விரைவாக முதுமையடைந்து வரும் நாடு இலங்கை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் மொத்தச் சனத்தொகையில் 7.9 வீதமாக இருந்த 65 வயதுக்கு மேற்பட்டோர், 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 12.6 வீதமாக உயர்ந்துள்ளனர். இது முழு நாட்டுக்கும் பொதுவான நிலைமை. தமிழ், முஸ்லிம் பிரதேசங்களில் இதற்கு மேலும் ஒரு பரிமாணம் உண்டு. யுத்தம் பிள்ளைகளை ரொறொன்ரோவுக்கும் லண்டனுக்கும் பரிஸுக்கும் அனுப்பியது. பெற்றோர் வீட்டையும் வளவையும் காத்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டனர். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் மீளக்குடியேறிய குடும்பங்கள் சிலவற்றில், பிள்ளைகள் படிப்பையும் தொழிலையும் முன்னிட்டுப் புத்தளத்திலேயே இருக்க, மூத்தவர்கள் மாத்திரம் மன்னார், முசலிப் பக்கம் சென்று காணியைப் பார்த்துக்கொள்கின்றனர். கிழக்கில் மகள் மத்திய கிழக்கில் பணிபுரிய, பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு அறுபது வயதைக் கடந்த பாட்டியின் தலையில் விழுந்திருக்கிறது. காரணங்கள் வேறு வேறாயினும் விளைவு ஒன்றே. இரவில் கதவைத் தாழிட்ட பின்னர் அவ்வீட்டில் உடல்வலுவுள்ள ஒருவரும் இல்லை.

பருவகால ஆபத்து என்று நாம் கூறுவது வெறும் ஊகமல்ல. 1964 டிசம்பரில் மன்னாரையும் வடபகுதியையும் தாக்கிய புயலையும், 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியையும் மூத்த தலைமுறையினர் இன்றும் நினைவுகூருவர். 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிறும் போயாவுமான ஒரு விடுமுறைக் காலை. அன்றைய ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் யார் யார் இறந்தனர் என்பதை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வொன்று, சிறுவர்களுக்கு அடுத்தபடியாக ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரே அதிக விகிதத்தில் இறந்தனர் என்றும், அவ்விகிதம் இருபது வயதுகளில் இருந்தோரின் விகிதத்தைப் போல ஏறத்தாழ இருமடங்கு என்றும் காட்டியது. ஓட முடிந்தவர்கள் ஓடினர் என்பதே இதன் பொருள்.

2022 டிசம்பரில் மாண்டஸ் சூறாவளியோடு வந்த கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் இறந்தன. மாடுகளின் கணக்கு பத்திரிகைகளில் வெளியானது; நட்டஈடு பற்றியும் பேசப்பட்டது. மாடுகள் விறைத்து வீழ்ந்த அதே இரவுகளில் ஓலைக் கொட்டிலிலும் தகரக் கூரையின் கீழும் படுத்திருந்த முதியவர்கள் எவ்வாறிருந்தனர் என்று யாரேனும் விசாரித்தார்களா?

2025 நவம்பர் இறுதியில் நாட்டைத் தாக்கிய டித்வா சூறாவளியில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்பேரழிவு உணர்த்திய விடயங்களுள் ஒன்றை இங்கு குறிப்பிடுவது பொருத்தமானது. பல மாவட்டங்களில் மின்சாரம் தடைப்பட்டது. அதனோடு தொலைபேசித் தொடர்பும் அறுந்தது. நாள்தோறும் காலையும் மாலையும் வட்ஸ்அப்பில் தாயின் முகத்தைப் பார்த்து நிம்மதியடைந்திருந்த பிள்ளைகளுக்கு அந்த நாட்களில் கடல் கடந்து நின்று தவிப்பதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. அடுத்த வீட்டுக்காரரின் பெயர் தெரிந்தவர்களும் அவரது இலக்கத்தை வைத்திருக்கவில்லை. வைத்திருந்தவர்களுக்கும் அது வேலை செய்யவில்லை. அந்நேரத்தில் முதியவரைத் தூக்கிச் சென்று பாடசாலை மண்டபத்தில் சேர்த்தவர் எவரோ, அவரே உண்மையில் அக்குடும்பத்தின் தொடர்பு.

தொலைபேசியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், எமது பெற்றோரின் இயல்பு அதனை அரைகுறைச் சாதனமாக்கிவிடுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. எப்போது கேட்டாலும் "எனக்கென்ன குறை, நான் சுகமாயிருக்கிறன்" என்பதே பதில். கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு நோவுடன் மூன்று நாட்கள் கிடந்தவரும் அதையேதான் சொல்வார். பிள்ளை அங்கே இரண்டு வேலை செய்கிறான், அவனைக் கலங்கடிப்பானேன் என்ற எண்ணம். உண்மையை அறிய வேண்டுமாயின் வீட்டுக்குள் வந்து பார்ப்பவர் ஒருவர் வேண்டும். மருந்துப் பெட்டியில் கிளினிக் குளிசைகள் அப்படியே இருக்கின்றனவா, அடுப்பு மூட்டப்பட்டதா என்பதெல்லாம் கைத்தொலைபேசித் திரையில் தெரிவதில்லை.

வந்து பார்ப்பவர் யார் என்ற கேள்விக்கு விடையை வெளியில் தேட வேண்டியதில்லை. யாழ்ப்பாணக் கிராமங்களில் திருவெம்பாவைக் காலத்து விடியற்புறத்தில் இளைஞர்கள் சங்கு ஊதிச் சேமக்கலம் அடித்து ஒழுங்கை ஒழுங்கையாகச் சென்று மக்களைத் துயிலெழுப்பும் வழக்கம் இன்னும் முற்றாக அழிந்துவிடவில்லை. நத்தாரை ஒட்டிக் கரோல் குழுவினர் வீடு வீடாகப் போகின்றனர். ஊர்ப் பள்ளிவாசலிலோ, ஒவ்வொரு ஜும்ஆவுக்கும் முன் வரிசையில் இருக்கும் பெரியவர் ஒரு வெள்ளிக்கிழமை வரவில்லையென்றால் பக்கத்தில் தொழுபவருக்கு அது தெரியாமற் போவதில்லை. பெண்கள் விடயத்தில் இந்த ஏற்பாடு போதாது. தனித்திருக்கும் மூதாட்டி ஜும்ஆவுக்கு வருபவரல்லர், மழைக்காலத்தில் கோயிலுக்கும் வரமாட்டார். மரண உதவிச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் அவ்வீடுகளைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். மரணம் நிகழ்ந்த பின் பந்தல் போட விரைந்து வரும் கைகள், அதற்கு முன் ஒரு தடவை படலையைத் தட்டிப் பார்ப்பதில் தவறேதுமில்லை.

மலையகத்தின் நிலைமை தனியானது. நுவரெலியாவில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பத்துப் பாகைக்குக் கீழே இறங்குவதும், சில அதிகாலைகளில் புற்றரை மீது உறைபனி படிவதும் வழமை. முதியோரின் உடல் குளிரை இளையோரைப் போல் விரைந்து உணர்வதுமில்லை, எளிதில் தாங்குவதுமில்லை. குளிரில் இரத்த அழுத்தம் உயருகிறது. சளியும் இழுப்பும் மோசமடைகின்றன. இதற்குப் பரிகாரமாக லயன் அறையின் கதவு, யன்னல்களை அடைத்துவிட்டுக் கரிச்சட்டியை உள்ளே வைத்து உறங்குவது பேராபத்து. அதிலிருந்து வெளியாகும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. உறங்குபவர் விழிப்பதற்கு முன்னரே உயிரைப் பறித்துவிடும். மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்படும் வேளைகளிலும் "இவ்வளவு காலம் இருந்த இடம்தானே" என்று கடைசிவரை வெளியேற மறுப்பவர்கள் முதியவர்களே. ஊருக்கு வந்திருக்கும் பிள்ளைகள் வற்புறுத்தி அழைத்துச் செல்வதுண்டு. விடுமுறை முடிந்து அவர்கள் புறப்பட்ட பின் வரும் எச்சரிக்கைக்கு என்ன செய்வது என்பதைத் தோட்ட நிர்வாகமும் கிராம அலுவலரும் முன்கூட்டியே தீர்மானித்திருத்தல் அவசியம்.

அரசின் பக்கத்தில் சட்டத்துக்குக் குறைவில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணிக்கலாகாது என்கிறது. பராமரிப்புக் கோரி முறையிடுவதற்கு ஒரு சபையையும் அமைத்தது. ஆனால், பெற்ற பிள்ளைக்கு எதிராக முறைப்பாடு எழுதிக் கொடுக்கும் தாய் எமது சமூகங்களில் அரிது. குறைந்த வருமானமுடைய எழுபது வயதுக்கு மேற்பட்டோருக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025 ஏப்ரல் முதல் 5,000 ரூபாவாக உயர்த்தப்பட்டமை வரவேற்கத்தக்கதே. ஆயினும், வெள்ளம் நிற்கும் வீதியால் முச்சக்கரவண்டி பிடித்துச் சென்று அதனைப் பெற்றுவருவதற்கே அதில் ஒரு பங்கு கரைந்துவிடுகிறது. ஒக்டோபர் முதலாந் திகதி முதியோர் தினத்தில் பொன்னாடை போர்த்திப் புகைப்படம் எடுக்கும் பிரதேச செயலகங்கள், எழுந்து நடக்க இயலாதோர், கண்பார்வை அற்றோர், முற்றாகத் தனித்து வாழ்வோர் ஆகியோரின் பட்டியலைக் கிராம அலுவலர் பிரிவு தோறும் மழை தொடங்கும் முன்னரே தயாரித்து, இடர் முகாமைத்துவப் பிரிவினரின் கையிலும் கிராமத்து முதியோர் சங்கத்தின் கையிலும் கொடுத்திருக்க வேண்டும். படகு வந்த பின்னர் யார் எந்த வீட்டில் இருக்கிறார் என்று விசாரிப்பதில் பயனில்லை.

விடுமுறையில் வரும் பிள்ளைகளிடமும் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியுள்ளது. சொக்லேட்டும் சுவெட்டரும் போர்வையும் கொண்டு வருவதில் குறைகூற எதுவுமில்லை. ஆனால், வந்த மூன்று வாரங்களில் இரண்டு வாரம் திருமண வீடுகளிலும் சுற்றுலாவிலும் கழிகிறது. ஒரு நாளையாவது அப்பாவுடன் கிளினிக்கில் வரிசையில் நின்று கழித்தால், அவர் என்ன மருந்து எடுக்கிறார், அடுத்த திகதி எது என்பன தெரியவரும். விடுமுறை நாட்களில் கிளினிக் தவறுமாயின் குளிசைகள் தீர்ந்துபோகும் என்பதும் அப்போதுதான் விளங்கும். எமது வீடுகள் பலவற்றில் மலசலகூடமும் கிணறும் வெளியே உள்ளன. மழை இரவில் பாசி படிந்த அந்தப் பத்தடி தூரமே முதியோரின் இடுப்பெலும்பை முறிக்கும் இடம். அங்கே ஒரு மின்குமிழும் பிடித்து நடக்க ஒரு குழாயும் பொருத்துவதற்கு ஒரு நாட்கூலி போதும். தடிமன், காய்ச்சலுடன் விமானத்திலிருந்து இறங்குவோர் அது மாறும்வரை பாட்டியைக் கட்டியணைக்காமல் இருப்பதும் அன்புதான்.

இன்னொன்றையும் வெளிப்படையாகக் கூறிவிடுகிறோம். பெற்றோரைப் பார்ப்பதற்கல்ல, காணி உறுதியில் கையொப்பம் பெறுவதற்கே டிசம்பரில் வருவோரும் உளர். நன்கொடை உறுதி எழுதிக் கொடுக்கும் பெற்றோர் தமக்குச் சீவிய உருத்தை வைத்துக்கொள்ளாமல் ஒப்பமிடலாகாது. இதை எடுத்துச் சொல்வது நொத்தாரிசுகளின் கடமையுமாகும். பிள்ளைகள் திரும்பிச் சென்றபின், வெளிநாட்டுப் பொதி சுங்கத்தில் கிடக்கிறது, பணம் கட்டி மீட்க வேண்டும் என்று தொலைபேசியில் அழைக்கும் மோசடிக்காரர்கள் குறிவைப்பதும் இவ்வீடுகளையே. வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி இரகசிய இலக்கம் கேட்கும் எவருக்கும் அதனைச் சொல்லக்கூடாது என்பதை, விமானம் ஏறும் முன் ஒருமுறைக்கு இருமுறை அவர்களுக்கு விளக்கிவிட்டுச் செல்லுங்கள். 1990 என்ற அம்பியூலன்ஸ் இலக்கத்தையும், 117 என்ற இடர் முகாமைத்துவ நிலைய இலக்கத்தையும், பக்கத்து வீட்டாரின் இலக்கத்தையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அந்தப் பக்கத்து வீட்டாரை நேரிற் கண்டு, வீட்டுத் திறப்பு ஒன்றை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

பொங்கலுக்குப் பின் ஊர்கள் மீண்டும் வெறிச்சோடிவிடும். மூன்று வாரம் கலகலப்பாக இருந்த வீட்டில் ஒரு கோப்பை தேநீருக்கு மாத்திரம் அடுப்பு மூட்டப்படும் அந்த ஜனவரிக் கடைசியில்தான் முதியோர் பலர் சோர்ந்து, உணவைக் குறைத்து, படுக்கையோடு ஒதுங்கத் தொடங்குகின்றனர். முதியோர் சங்கங்களின் ஒன்றுகூடல்களும், கோயில், பள்ளிவாசல், தேவாலயக் குழுக்களின் வீட்டுத் தரிசிப்புகளும் டிசம்பரை விட அந்த வாரங்களிலேயே கூடுதலாகத் தேவைப்படும். அவற்றுக்குரிய நாட்களை இப்போதே குறித்து வைப்பது நல்லது.