ஏகாரத்தின் கால்
ஒரு சுற்றுலா இணையதளத்தில் ஏலாக்குறிச்சி பற்றிப் படிக்கப் போனேன். அடைக்கல மாதா ஆலயப் படத்தின் மேலேயே வெள்ளை எழுத்து. படத்தில் வானமும் வெள்ளை. வரிகளோ நெருக்கியடித்து, மேல்வரி ‘ழு’வின் வால் கீழ்வரி ‘கி’யின் கொக்கியில் இடிக்கிறது. ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியைத் தமிழுக்கும் அப்படியே விட்டால் இதுதான் கதி. 18ஆம் நூற்றாண்டில் இதே ஊரில் வாழ்ந்த வீரமாமுனிவர், ஓலையில் எகரத்துக்கு உரிய புள்ளி விடுபட்டு எகரமும் ஏகாரமும் குழம்புவதைப் பார்த்து, நெடிலைக் கண்ணுக்குப் பிரித்துக் காட்டினார். ஊர்ப்பெயரின் முதலெழுத்தே அந்தத் திருத்தத்தில்தான் நிற்கிறது! அந்த எழுத்தையே படிக்க முடியாதபோது ஸ்லைடரும் அனிமேஷனும் யார் கேட்டார்கள்? வடிவமைப்பாளர்களே, பின்னணியை அடர்நிறமாக்குங்கள். வரி இடைவெளியை எழுத்தளவில் ஒன்றரை மடங்காவது வையுங்கள். நடுப்பகல் வெயிலில் செல்போனில் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.