இது பூ போட்டுப் பார்க்கிற விஷயமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய காடி வாங்கப் போற பிள்ளைங்களும் அவங்க அம்மா அப்பாவும் பொறுமையா படிங்க.

போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, இரவு பூசை முடிஞ்சு அர்ச்சனை சீட்டுக் கணக்கு பார்த்துக்கிட்டு இருந்தேன். நம்ம ஆலயத்துல உருமி அடிக்கிற ஒரு தம்பியோட அம்மா மேசைகிட்ட வந்து நின்னாங்க. எல்லாரும் போற வரைக்கும் காத்திருந்து மெதுவா சொன்னாங்க: "அண்ணே, நாளைக்கு அவன் பூ போட்டுப் பார்க்க வருவான். பொட்டலம் நீங்கதானே மடிக்கிறீங்க? ரெண்டுலயும் சிவப்பையே வச்சிருங்க."

புதுசா வர்றவங்களுக்குச் சொல்றேன். நம்ம ஆலயத்துல வெள்ளைப் பூ வந்தா உத்தரவு, சிவப்பு வந்தா வேண்டாம். அந்தத் தம்பி ஒரு பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-8 பார்த்து வச்சிருக்கான். 2005-ல செஞ்சது. கேட்கிற விலை 32,000 வெள்ளி, அவன் கையில இருக்கிறது 20,000. இருபது வருசத்துக் காடிக்கு பேங்க்ல லோன் கிடைக்கிறது ரொம்ப சிரமம். மீதிக்கு அம்மா நகையை அடகு வைக்கலாம்னு வீட்டுல பேச்சு. அவங்க ஏன் அப்படிக் கேட்டாங்கன்னு இப்ப புரியும்.

நான் முடியாதுன்னுட்டேன். அவங்களுக்குக் கோவம். "சாமி வெள்ளையைக் குடுத்துட்டா அப்புறம் யாரு அவனைத் தடுக்கிறது?" ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. நியாயமான கேள்வி. ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

என் கருத்தை நேராவே சொல்லிடறேன். இது பூ போட்டுப் பார்க்கிற விஷயமே இல்ல. மனுசனால அளக்க முடியாத காரியத்துக்கு உத்தரவு கேட்கலாம். இந்த இன்ஜின் நல்லா இருக்கா இல்லையான்னு அளக்க மீட்டர் இருக்கு. அளக்காம சாமி தலையில கட்டுறது பிள்ளை செஞ்சாலும் தப்பு. சாமி பேரைச் சொல்லி ஏமாத்துறது அம்மா செஞ்சாலும் தப்பு. நாளைக்கு அதே பையன் கல்யாணத்துக்குப் பூ கேட்டு நிக்கும்போது, பொட்டலம் மடிச்ச என் கையை எப்படி நம்புவான்?

ஆர்எக்ஸ்-8 நம்ம மைவி, சாகா மாதிரி இல்ல. அதுல எல்லாம் பிஸ்டன் மேலயும் கீழயும் போய் வரும். இதுல பிஸ்டனே கிடையாது. சமோசா மாதிரி ஓரம் உப்பின முக்கோணம் ஒண்ணு, இடுப்பு கொஞ்சம் ஒடுங்கின முட்டை வடிவக் கூட்டுக்குள்ள சுத்தும். அதுக்கு ரோட்டர்னு பேரு. இந்தக் காடியில ரெண்டு ரோட்டர். ஒவ்வொரு முக்கோணத்தோட மூணு முனையிலயும் மெல்லிசா ஒரு பட்டை இருக்கும், ஏபெக்ஸ் சீல்னு சொல்வாங்க. அது சுவரை உரசிக்கிட்டே சுத்தி, உள்ள இருக்கிற அழுத்தம் வெளியேறாம பிடிச்சு வச்சிருக்கும். அது தேஞ்சா அழுத்தம் போச்சு, இன்ஜினைப் பிரிக்கணும். தொழிற்சாலையில ஏர் கம்ப்ரசரோட முப்பது வருசமா மல்லுக்கட்டுறவன் நான். சீல் தேயாத மெஷினை இதுவரைக்கும் பார்த்ததில்ல. எப்பத் தேயும், அப்ப கையில காசு இருக்குமான்னுதான் கேட்கணும்.

இதுல ஒரு சுவையான கதை இருக்கு. 1960-கள்ல மாஸ்டா இந்த இன்ஜினைச் செஞ்சு பார்த்தப்ப, கூட்டோட உள்சுவர்ல வரிவரியா கீறல் விழுந்துச்சு. ஜப்பான்காரங்க அதுக்கு வச்ச பேரு "பிசாசு நகக் கீறல்". யமமோட்டோ கெனிச்சி தலைமையில 47 இன்ஜினியர்கள். சீலை மாத்தி மாத்திச் சோதிச்சு, கடைசியில கார்பனையும் அலுமினியத்தையும் சேர்த்துச் செஞ்ச சீல்தான் கை குடுத்துச்சு. 1967-ல காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்துச்சு. 1991-ல லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்துல நாலு ரோட்டர் வச்ச 787பி ஜெயிச்சுச்சு. ஜப்பான் கம்பெனி ஒண்ணு அங்க ஜெயிச்சது அதுதான் முதல் தடவை. பேரு என்னவோ பிசாசுதான், ஆனா அவங்க அதை அளந்து அளந்துதான் விரட்டினாங்க.

சனிக்கிழமை காலையில தம்பி வந்தான். பூ அப்புறம் பார்க்கலாம், முதல்ல காடியைப் பார்க்கலாம்னு சொன்னேன். முகம் வாடிப் போச்சு, ஆனா வந்தான்.

விக்கிறவர் நல்லாத்தான் பேசினார். "1.3 தான் அங்கிள், மைவி மாதிரி" ன்னார். 654 சிசி ரெண்டு சேர்த்து 1308, அது உண்மை. ஆனா அது ஒரு ரோட்டருக்கு ஒரு பக்கத்தை மட்டும் எண்ணின கணக்கு. ஜப்பான்லயே ரோட்டரிக்கு வரி போடும்போது சிசியை ஒன்றரையால பெருக்குறாங்க. பெட்ரோல் குடிக்கிறதுல மைவியோட பேச்சே வேண்டாம். ஊருக்குள்ள லிட்டருக்கு 6, 7 கிலோமீட்டர் ஓடினா பெரிசு, அதுவும் 97 ஊத்தணும். இன்ஜின் ஆயிலும் குறையும். அது கோளாறு இல்ல. சீல் வழுக்கணும்னு வேணும்னே கொஞ்சம் ஆயிலை உள்ள விடுற மாதிரிதான் செஞ்சிருக்காங்க. அதனால ரெண்டு தடவை பெட்ரோல் ஊத்தினா ஒரு தடவையாவது குச்சியை இழுத்து ஆயில் அளவு பார்க்கணும். காலையில ஸ்டார்ட் பண்ணி, வாசல்ல இருந்து நகர்த்திட்டு உடனே ஆஃப் பண்ணவும் கூடாது, உள்ள பெட்ரோல் தேங்கி அடுத்த தடவை கிளம்பாது. முந்தின முதலாளி இதையெல்லாம் பார்த்தாரான்னு கேட்டேன். சர்வீஸ் புத்தகம் இல்லையாம்.

ஓட்டிப் பார்த்தோம். பொய் சொல்ல மாட்டேன், ஊசி 7,000 தாண்டும்போது அந்தச் சத்தத்துல எனக்கே ஆசை வந்துருச்சு. இருபது நிமிசம் ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிசம் டீ குடிச்சிட்டு மறுபடி சாவியைத் திருப்பினோம். இழு இழுன்னு இழுத்துட்டுத்தான் கிளம்புச்சு. அழுத்தம் குறைஞ்ச ரோட்டரி சூட்டுலதான் மாட்டிக்கும். பச்சைத் தண்ணி மாதிரி ஆறி இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணிக் காட்டினா யாரும் நம்பாதீங்க.

அப்புறம் ரோட்டரி பார்க்கிற ஒரு ஃபோர்மேன்கிட்ட கொண்டு போனோம். சாதாரண கம்ப்ரெஷன் மீட்டர் இதுக்கு ஆகாது. அது மூணு பக்கத்துல பெரிய எண்ணை மட்டும் காட்டும், பலவீனமான பக்கம் ஒளிஞ்சுக்கும். ரோட்டரிக்குன்னு தனி மீட்டர் இருக்கு, ஆறு பக்கத்துக்கும் ஆறு எண் காட்டும். இந்த இன்ஜினுக்கு 250 சுற்று வேகத்துல 6.9-க்குக் கீழ போகக் கூடாது. முன் ரோட்டர் 7.2, 7.0, 7.1. பின் ரோட்டர் 6.0, 5.6, 6.1. பிரிச்சுக் கட்ட ஃபோர்மேன் சொன்ன தொகை காடி விலையில ஏறக்குறைய பாதி. பேர் மாத்துறதுக்கு எடுக்கிற பி5 சோதனையில பிரேக், புகை, சேஸ் நம்பர் எல்லாம் பார்ப்பாங்க, இந்த ஆறு எண்ணைப் பார்க்க மாட்டாங்க. அதைத் தாண்டிட்டா எல்லாம் சரின்னு நினைச்சுடாதீங்க.

தம்பி வழியெல்லாம் பேசல. வீட்டு வாசல்ல இறங்கும்போது மட்டும் "நன்றி அங்கிள்" ன்னான்.

பெரியவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். "ரேஸ் காடி வேண்டாம்" னு ஒரே வார்த்தையில முடிக்கிறோம். பையன் வேற எங்கயாவது போய் வாங்கிடறான். பூட்டின கதவை உடைச்ச மாதிரி வந்து நிக்கிறான். இந்தத் தம்பி தைப்பூசத்துக்கு விடிய விடிய உருமி அடிச்சவன், 20,000 வெள்ளி தானா சேர்த்தவன். அவன் ஆசையில என்ன தப்பு? ஆறு எண்ணும் நல்லா இருந்து, காடி விலை போக இன்ஜின் பிரிக்கிற காசும் தனியா கையில இருந்து, அம்மா நகை அலமாரியிலயே இருந்தா, தாராளமா வாங்கட்டும்னு அவங்க அம்மாகிட்டயே சொன்னேன். அவங்களுக்கு அது பிடிக்கல. இன்னும் என்மேல கொஞ்சம் வருத்தம்தான். ஆனா பொட்டலம் விஷயத்தை அவங்களே பிள்ளைகிட்ட சொல்லிட்டாங்க. ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுத்தான் இதை எழுதுறேன்.

தம்பி இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கான். ஜொகூர்ல ஒண்ணு இருக்காம், சர்வீஸ் புத்தகத்தோட. 24,000 சேர்ற வரைக்கும் போய்ப் பார்க்க மாட்டேன்னு அவனே சொல்லிட்டான். விலை அதுக்குள்ள இறங்குற மாதிரி தெரியல, பார்ப்போம்.

வர்ற வெள்ளிக்கிழமை வாகன பூசைக்குப் பேர் குடுத்தவங்க எலுமிச்சம்பழம் நீங்களே கொண்டு வந்துருங்க. ஒரு காடிக்கு நாலு. போன தடவை எனக்குப் பத்தல.