பத்துமலை என்பது படிக்கட்டு அல்ல

முதலில் பெயர். மலாயில் 'பத்து' என்றால் கல். பக்கத்தில் ஓடும் சுங்கை பத்து ஆற்றின் பெயர்தான் இந்த மலைக்கும் வந்தது. நம் காதில் அது எண்ணாக விழுந்தது. ஆறுபடை வீட்டோடு இன்னும் சில மலைகளைக் கூட்டி, "இது பத்தாவது மலை, அதான் பத்துமலை" என்று கணக்குச் சொல்லும் மாமாக்கள் எல்லோர் வீட்டிலும் உண்டு. அழகான கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கில் கல் காணாமல் போய்விட்டது. நூற்றிமுப்பது ஆண்டுகளாக அந்த மலைக்குப் போய்வருகிறோம், இன்னும் அந்தக் கல்லை நாம் பார்க்கவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

பத்துமலை என்றதும் என்ன ஞாபகம் வருகிறது? 272 படி, 42.7 மீட்டர் உயரச் சிலை, காவடி, குரங்கு. இப்போது கூடுதலாக வானவில் நிறத்தில் ஒரு செல்ஃபி. படிக்கட்டும் சிலையும் நாம் கட்டியவை. நாம் கட்டாதது ஒன்று அவற்றுக்குப் பின்னால் நிற்கிறது. நம் படங்களில் அது வெறும் திரைச்சீலை.

அந்தத் திரைச்சீலைக்கு வயது சுமார் 40 கோடி ஆண்டு. கடலடியில் படிந்த சுண்ணாம்பு, பாறையாகி மேலெழுந்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகி, விரிசல் விரிசலாக இறங்கி, பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றதில் உண்டானவையே குகைகள். கரைந்த சுண்ணாம்பு சொட்டுச் சொட்டாகத் திரும்பப் படிந்தால் தொங்கூசிப் பாறை. ஆயிரம் ஆண்டில் ஒரு சாண்கூட வளராதவை அவற்றில் பல. கோயில் குகைக்குள் நிமிர்ந்து பார்த்தால் தெரிவது அதுதான். நாமோ நிமிர்வதே இல்லை, படி ஏறிய களைப்பில் ஃபேன் எங்கே என்று தேடுகிறோம்.

படிக்கட்டின் இடப்பக்கம் இருட்டுக் குகை இருக்கிறது. அங்கே வெளிச்சம் இல்லை, செடி இல்லை. அப்படியானால் சோறு எங்கிருந்து வரும்? வௌவாலிடமிருந்து. அதன் எச்சத்தை நம்பிக் கரப்பானும் சில்வண்டும், அவற்றை நம்பிச் சிலந்தியும் வாழ்கின்றன. அந்தச் சிலந்திகளில் ஒன்று லிஃபிஸ்டியஸ் பத்துவென்சிஸ். அறிவியல் பெயரிலேயே பத்துமலையைச் சுமப்பது, 1923இல் விவரிக்கப்பட்டது. மற்ற சிலந்திகளின் வயிறு வழவழப்பான பை மாதிரி இருக்கும், இதற்கோ தேளைப் போல இன்னும் வளையத் தகடுகள் இருக்கின்றன. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுப் பழமையான ஒரு வம்சத்தின் வாரிசு. பொந்துக்கு மூடி செய்து, வாசலில் நூல்களை விரித்துவைத்து, எது அதைத் தொடுகிறது என்று காத்திருக்கும். சென்சார் வைத்து அலாரம் அடிக்கும் வேலை. நாங்கள் மென்பொருளில் அதைச் செய்து சம்பளம் வாங்குகிறோம், இது கேட்பதெல்லாம் ஈரமும் இருட்டும்தான்.

சிலந்தி போனால் நமக்கென்ன என்பவர்களுக்காக டுரியான். டுரியான் பூ இரவில் மலரும். அதன் முக்கிய மகரந்தத் தரகர் தேன் குடிக்கும் குகை வௌவால். பகலில் பத்துமலை போன்ற சுண்ணாம்புக் குகைகளில் தொங்கிக்கொண்டிருந்துவிட்டு, இரவில் பத்து இருபது கிலோமீட்டரையும் தாண்டிப் பறந்து பூ தேடும். குகை குலைந்தால் தோட்டத்தில் காய் குறையும். 'சூழலியல்' என்ற சொல்லைக் கேட்டதும் கொட்டாவி விடுபவர்கூட டுரியான் விலை கேட்டதும் எழுந்து உட்காருவார்.

இனி எதிர்வாதங்கள். எல்லாம் நான் கேட்டவை, எதையும் லேசாகத் தள்ள முடியாது.

"வெடி வச்சவன விட்டுட்டு வெளக்கு போட்டவன கேக்கிறியா?" நியாயமான கேள்வி. 1980களின் தொடக்கம்வரை இந்த மலையைக் கல்லுக்காக உடைத்தார்கள். அந்தக் காயத்தை எந்தக் கோயில் கமிட்டியாலும் உண்டாக்க முடியாது. பகாங்கில் புக்கிட் பாஞ்சிங் என்ற சுண்ணாம்புக் குன்றை முழுசாகவே வெட்டித் தரைமட்டமாக்கினார்கள், அங்கே மட்டுமே வாழ்ந்த நத்தை இனம் ஒன்றும் அதோடு முடிந்தது. ஆனால் பெரிய குற்றவாளி ஒருவன் இருக்கிறான் என்பது சின்னக் குற்றத்துக்கு லைசென்ஸ் ஆகாது. மேலும் குவாரிக்காரன் மலையைக் கும்பிடவில்லை. நாம் கும்பிடுகிறோம். நம்மிடம் கூடுதலாக எதிர்பார்ப்பதுதான் மரியாதை.

இரண்டாவது வாதம் கனமானது. இந்த நாட்டில் நம் கோயில் எப்போது இடிபடும் என்ற பயத்தோடு வாழும் சமூகம் நாம். 2007 நவம்பர் 25 விடியலில் கண்ணீர்ப்புகை அடிக்கப்பட்டது இதே பத்துமலை வாசலில்தான். அப்படிப்பட்ட இடத்தை விமர்சிப்பது எதிரிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுப்பது ஆகாதா? ஆகாது, அடுத்தவன் ஆயுதத்தைப் பிடுங்குவது ஆகும். 2012இல் மலையடிவாரத்தில் 29 மாடி அடுக்குமாடி எழும்பப் போகிறது என்றபோது கோயில் தரப்பும் பொதுமக்களும் தெருவில் இறங்கினார்கள். பாறைக்கு ஆபத்து, மரபுக்கு ஆபத்து என்றார்கள். சரியாகச் சொன்னார்கள். ஆனால் 2018இல் படிகளுக்கு வண்ணம் பூசியபோது, மரபுடைமைச் சட்டப்படி அனுமதி பெறவில்லை என்று தேசிய மரபுடைமைத் துறை சொன்னது. என் வாட்ஸப் குழுக்களில் அன்று முழுக்க நடந்த விவாதம், கலர் நல்லா இருக்கா இல்லையா என்பதுதான். அடுத்தவன் கட்டும்போது மரபு, நாம் பூசும்போது அழகு என்றால், நாளை நம் வாதத்தை யார் மதிப்பான்? நாமே கடைப்பிடிக்கும் விதிதான் நமக்குக் காவல்.

மூன்றாவது, மின்படிக்கட்டு. வயதானவர்கள், முட்டி வலிக்காரர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் முருகனைப் பார்க்க வேண்டாமா? கட்டாயம் பார்க்க வேண்டும். என் கேள்வி 'வேண்டுமா' என்பது அல்ல, 'எதன் மேல்' என்பது. கோலாலம்பூரின் அடியில் இருப்பதும் சுண்ணாம்புதான். இரட்டைக் கோபுரத்தையே, பாறையைச் சோதித்துப் பார்த்த பிறகு, முதலில் குறித்த இடத்திலிருந்து 60 மீட்டர் நகர்த்திக் கட்டினார்கள். பணத்துக்குப் பஞ்சமில்லாத திட்டமே கல்லிடம் அனுமதி கேட்டது. மலையில் துளை போட்டால் நீர் வழி மாறும், நீர் மாறினால் குகை மாறும். எங்கள் தொழிலில் தப்பான மாற்றம் போய்விட்டால் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். மலைக்கு பேக்கப் கிடையாது.

கோயில் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தம்புசாமிப் பிள்ளை இங்கே கோயில் அமைக்க நினைத்தது குகைவாயின் வடிவம் அவருக்கு வேலாகத் தெரிந்ததால் என்பது நாம் எல்லோரும் சொல்லும் வரலாறு. அதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அவர் முதலில் பார்த்தது மலையை. கல்லின் விளிம்பில் கடவுளைக் கண்டார். அதற்கும் முன்பே தெமுவான் மக்கள் இந்தக் குகைவாய்களில் ஒதுங்கியிருக்கிறார்கள். தொல்காப்பியம் மலைநிலத்தைச் சேயோனுக்குத் தந்தது. மலைக்குரிய தெய்வத்துக்கு மலையை மறைத்து மரியாதை செய்வது என்ன வகைப் பக்தி?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. படி தொடங்கும் இடத்தில், இந்தப் பாறை என்ன, உள்ளே யார் வாழ்கிறார்கள் என்று தமிழில் ஒரு பலகை. குகைக்குள் தேவைக்கு மட்டும் விளக்கு, ஏனென்றால் ஓயாத வெளிச்சம் பாறைமேல் பாசி வளர்க்கும். 2019இல் மூடப்பட்ட இருட்டுக் குகையை ஆய்வாளர் கண்காணிப்பில், சின்னக் குழுக்களுக்கு மீண்டும் திறப்பது. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அந்தச் சிலந்தியைப் பார்த்துவிட்டு வரட்டும்.

அப்புறம், மலைமேல் அடுத்த கட்டுமான அறிவிப்பு வரும்போது, அது யாரிடமிருந்து வந்தாலும், லைக் போடும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். பாறையைச் சோதித்தது யார்? அந்த அறிக்கை எங்கே? பதில் இல்லையென்றால் திருப்பணி என்று பெயர் வைத்தாலும் அதன் பெயர் குவாரிதான்.