பாணை நிறுத்த முதல் இரத்தம் கொடுங்கள்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு,

எனக்குச் சீலியாக் நோய் என்று லண்டனில் உறுதியான கதை அம்மா வழியாக ஒழுங்கை முழுக்கப் பரவிவிட்டது போலிருக்கிறது. பிறகு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதிப்பேர், "சோறு தின்னுற எங்களுக்கு உது வராது, வெள்ளைக்காரன்ரை வருத்தம்" என்றார்கள். மிச்சப்பேர், "எனக்கும் பாண் திண்டால் வயிறு ஊதுது, நானும் நிப்பாட்டிப்போட்டன்" என்றார்கள்.

நிப்பாட்டியவர்களுக்கு முதலில் சொல்கிறேன், அவசரம் அங்கேதான். சோதித்துப் பார்க்கும் வரைக்கும் நிப்பாட்டாதேயுங்கோ. கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், சீலியாக் உள்ளவருடைய எதிர்ப்புச்சக்தி அவருடைய சிறுகுடலையே தாக்கும். அப்போது உருவாகும் பிறபொருளெதிரிகளைத்தான் இரத்தத்தில் தேடுகிறார்கள். சில மாதம் கோதுமை இல்லாமல் இருந்தால் அவை குறைந்துபோகும், குடலும் ஆறத் தொடங்கும். அறிக்கை 'இல்லை' என்று வரலாம். வருத்தம் உள்ளேயே இருக்கும். அதனால்தான் இங்குள்ள மருத்துவ வழிகாட்டி, சோதனைக்கு முன் குறைந்தது 6 கிழமைக்கு, நாளில் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் உள்ள சாப்பாடு சாப்பிடச் சொல்கிறது.

டொக்டரிடம் கேட்க வேண்டியது டிடிஜி-ஐஜிஏ சோதனை. கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு அது இயல்பிலேயே குறைவு. அவர்களுக்கு முதலாவது சோதனை பொய் சொல்லிவிடும். இரத்தத்தில் தெரிந்தால், பெரும்பாலும் எண்டோஸ்கோப்பி செய்து குடலில் சின்னத் துணுக்குகள் எடுத்துப் பார்ப்பார்கள். அரைமயக்கத்தில் முடிந்துவிடுகிற வேலை, பயப்பட ஒன்றுமில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகள் தபாலில் அனுப்புகிற 'உணவு ஒவ்வாமை'ப் பெட்டிகளுக்குக் காசைக் கரைக்காதீர்கள். அவை பார்க்கிற ஐஜிஜி, நீங்கள் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதற்கு மேல் பெரிதாக எதையும் சொல்லாது.

இனிச் சோற்றுக்காரருக்கு. 2016இல் வெளியான ஒரு இந்திய ஆய்வு வடக்கையும் தெற்கையும் ஒப்பிட்டது. இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுக்கள் வடக்கில் 38, தெற்கில் 36 சதவீதத்தினரிடம் இருந்தன, கிட்டத்தட்டச் சமம். ஆனால் இரத்தத்தில் பிறபொருளெதிரிகள் இருந்தவர்கள் வடக்கில் 1.23 சதவீதம், தெற்கில் 0.10 தான். வடக்கில் ஆள் ஒருவர் நாளுக்கு 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கில் 25 கிராம். வித்தியாசம் பெரும்பாலும் தட்டில்தான் என்று எனக்குப் படுகிறது.

நாங்கள் 25 கிராமோடு நிற்கிற ஆட்களா? காலையில் கால் றாத்தல் பாணே அதைத் தாண்டிவிடும். இரவில் அவித்த கோதுமை மாவில் புட்டு, இல்லாவிட்டால் இடியப்பம். தோசைக்குக்கூட உழுந்தோடு கோதுமை மா கலக்கிறோம். கடைக்குப் போனால் கொத்துறொட்டி. சோற்றுக்காரர் என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

வயிற்றோட்டம் இருந்தால்தான் சீலியாக் என்றும் இல்லை. எனக்கு வயிறு ஒருநாளும் பெரிய கரைச்சல் தரவில்லை. எத்தனை இரும்புச்சத்துக் குளிசை விழுங்கியும் ஏறாத இரத்தச்சோகைதான் காட்டிக்கொடுத்தது. வளராத பிள்ளை, ஓயாத வாய்ப்புண், இளவயதில் மெலியும் எலும்பு எல்லாவற்றுக்கும் பின்னால் இது இருக்கலாம். பெற்றோர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்களில் பத்துக்கு ஒருவர் அளவில் வர வாய்ப்புண்டு. ஆகவே அண்ணை, தங்கச்சி, உங்களுக்கு ஒரு குறையும் இல்லாவிட்டாலும் இரத்தம் கொடுத்துப் பாருங்கள். காசு நான் அனுப்புகிறேன்.

சோதனையில் இல்லை என்று வந்தும் வயிறு ஊதினால்? அது கோதுமையிலுள்ள பிரக்டான் என்ற மாச்சத்தாலும் இருக்கலாம். வெங்காயத்திலும் உள்ளியிலும் அதே சத்துத்தான் இருக்கிறது. சீலியாக் இல்லாத குளூட்டன் ஒவ்வாமை என்றும் ஒன்று உண்டு. அதற்கு இரத்தச் சோதனை இல்லை. டொக்டர் சொற்படி விட்டுப் பார்த்து, திரும்பச் சாப்பிட்டுப் பார்த்துத்தான் அறியலாம். மற்றபடி ஊரே பாணை விட வேண்டியதில்லை. இங்கே அது ஒரு நாகரிகமாகவே போய்விட்டது. எனக்குச் சிரிப்பு வருகிறது.

மாமி, நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறேன். எனக்கு அரிசிமாப் புட்டும் ஒடியல் கூழும் காணும். ஆனால் கோதுமைப் புட்டு அவித்த நீத்துப்பெட்டியில் எனக்கும் அவிக்க வேண்டாம், புதிதாய் ஒன்று வாங்கி வையுங்கோ. ரசத்துக்குப் போடுகிற பெருங்காயப் பெட்டியையும் ஒருக்கால் திருப்பிப் பாருங்கோ. கூட்டுப் பெருங்காயத்தில் அநேகமாகக் கோதுமை மா இருக்கும்.

அன்புடன்,
உங்கள் லண்டன் பிள்ளை